கஜீபனின் முகம்

மெற்றில்டாவுக்கு யாரும் படம் வரையச் சொல்லிக்கொடுக்கவில்லை. மதுரைக்குப் பக்கத்து அகதி முகாமில் பதினாறு வயதில் அவள் வரையத் தொடங்கியது, கல்லூரி மாணவிகளின் ரெக்கார்டு நோட்டுகளில். தவளையின் இதயம், செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டு, கரப்பான் பூச்சியின் கால். அந்த நோட்டுகளில் நிழலுக்குப் பென்சிலைத் தேய்க்கக் கூடாது, புள்ளி வைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் புள்ளி வைத்து வைத்து அவளுடைய கை அடங்கியது. பிறகு ஒரு அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகைகளின் ஓரத்தில் வாழை மரமும் குத்துவிளக்கும் வரைந்தாள். முகாமின் சிறுவர் பள்ளிக்குக் கதைப் படங்கள் வரைந்தாள். நிறம் கலப்பதைத் தானே கண்டுபிடித்தாள். நம்முடைய தோலின் நிறம் கடைப் பெட்டியில் இல்லை என்பதும், தேயிலைச் சாயத்தை மூன்று தரம் பூசிக் காயவிட்டால் அது வரும் என்பதும் அப்படி அறிந்தவைதான்.

2011இல் தகப்பன் பத்திநாதனோடு அவள் இலங்கைக்கு, மன்னார்ப் பக்கத்துச் சொந்த ஊரான இலுப்பைக்கடவைக்குத் திரும்பினாள். தாய் முகாமிலேயே இறந்துபோயிருந்தாள். மெற்றில்டாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு வர விருப்பமும் இல்லை. தகப்பன்தான் விடாமல் நின்றார். அவருடைய மூத்த மகன் ரொபின்சன், தொண்ணூறாம் ஆண்டு குடும்பம் இராமேஸ்வரத்துக்குப் படகேறிய அன்று வரவில்லை. பதினேழு வயது அவனுக்கு. இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அதற்குமேல் ஒரு சேதியும் இல்லை. குடும்பத்திடம் அவனுடைய படம் ஒன்றுகூட இருக்கவில்லை. கட்டிக் கொண்டுபோன பை கடலில் நனைந்து, உள்ளிருந்ததெல்லாம் கூழாகிவிட்டது.

"அவனுக்கு எங்கட இந்தியா விலாசம் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சது இந்தக் காணிதான்," என்று பத்திநாதன் சொல்வார். காணியில் அப்போது ஆளுயரத்துக்குப் பற்றைக் காடு. கிணற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் ஒரு வருடம் தண்ணீர் அள்ளவில்லை. திரும்பி வந்தவர்களுக்குக் கொடுத்த தகரங்களால் ஒரு கொட்டில் போட்டு, தகப்பன் அங்கே இருந்துகொண்டார். மெற்றில்டா வேலை தேடி மன்னாருக்குப் போனாள்.

மன்னார் நகரத்து உப்புக்குளத்தில் நஸார் என்பவர் ஒரு கொமியூனிகேசன் வைத்திருந்தார். போட்டோப் பிரதி, தட்டச்சு, வெளிநாட்டு அழைப்பு, மூன்று கணினி. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு இயக்கத்தால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடம் இருந்து திரும்பிய மனிதர். விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. மெற்றில்டாவின் கையெழுத்தைப் பார்த்ததும் மறுநாளே வரச் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் அவர் தொழுகைக்குப் போகும் நேரமும், மற்ற நாட்களில் மதியச் சாப்பாட்டு நேரமும் கடையில் ஆள் வராது. அந்த நேரத்தில் மூலைக் கணினியை அவள் பாவிக்கலாம் என்று விட்டுவிட்டார். அதில்தான் அவள் ஓவியர்கள் எழுதும் பக்கங்களைத் தேடிப் படித்தாள். மொழிபெயர்ப்புக் கருவியின் உதவியோடு கேள்வி கேட்டாள். போர்த்துக்கலில் இருந்த இனெஸ் என்ற ஓவியர் ஒருத்தி பதில் எழுதத் தொடங்கினாள்.

சிவலட்சுமி கடைக்கு வந்தது 2013 பங்குனியில். அவளும் இலுப்பைக்கடவைதான். காணாமல்போனவர்களுக்கான படிவம் நிரப்ப வந்திருந்தாள். மகன் கஜீபன், பிறந்தது 1988. சனத்தோடு சனமாக வன்னிக்குள் இடம்பெயர்ந்து போய், 2009 மாசியில் தண்ணீர் எடுக்கப் போனவன் திரும்பவில்லை. படிவத்தில் படம் ஒட்ட ஒரு கட்டம் இருந்தது. அதற்கு ஒட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. வீடு எரிந்துவிட்டது. கனடாவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய ஒரு கல்யாணப் படத்தில் அவனுடைய தோளும் ஒரு கையும் மட்டும் விழுந்திருந்தன. மற்றத் தாய்மார் எல்லாரும் கூட்டங்களுக்குப் பிள்ளைகளின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வருவார்கள். சிவலட்சுமி பெயர் எழுதிய கடதாசியோடு நிற்பாள்.

நான் வரைந்து பார்க்கட்டுமா என்று மெற்றில்டாதான் கேட்டாள். கேட்டதை நினைத்துப் பின்னாளில் எத்தனையோ தடவை நொந்துகொண்டாள்.

பதினொரு நாள் எடுத்தது. சனி, ஞாயிறுகளில் சிவலட்சுமியின் வீட்டு முற்றத்திலும், கிழமை நாட்களில் கடை மூலையிலும் இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். மூக்கு எப்படி, கண் எப்படி என்று மெற்றில்டா கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் தாய்மார் "வடிவான மூக்கு" என்பதற்கு மேல் சொல்லமாட்டார்கள் என்று முதல் நாளே விளங்கிவிட்டது. தண்ணீர் குடிக்கும்போது அண்ணாந்து குடிப்பானா, வாய் வைத்துக் குடிப்பானா என்று கேட்டாள். பொய் சொல்லும்போது எங்கே பார்ப்பான்? வெயிலில் எந்தக் கண் முதலில் சுருங்கும்? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கோடு போட்டாள், அல்லது ஒன்றை அழித்தாள். கன்னம் குறைந்தது, நெற்றி இறங்கியது, கண்கள் சற்று உள்ளே போயின. ஏழாம் நாள் கடதாசியில் ஒரு பிள்ளை பார்க்கத் தொடங்கினான். சிவலட்சுமி விம்மி விம்மி அழுதாள்.

வாய் மட்டும் வரவில்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று நாட்கள் போயின. மெற்றில்டா பத்துப் பதினைந்து வாய்கள் வரைந்து அழித்தாள். கடதாசி அந்த இடத்தில் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. சிவலட்சுமி கடைசியில் வரைவதைப் பார்ப்பதையே விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்லைப் பிள்ளை," என்றாள். "பெத்த எனக்கே அவன்ரை வாய் ஞாபகமில்லை. சிரிப்பை அடக்கினால் ஒரு பக்கம் இழுபடும். அவ்வளவுதான் தெரியுது."

அன்று பஸ்ஸில் போகும்போது அந்தத் தாயின் முகத்தை மெற்றில்டாவால் மறக்க முடியவில்லை. மறுநாள் கடையில் கைக்கண்ணாடி ஒன்றை எதிரே வைத்து, சிரிப்பை அடக்குகிறவள் போல உதட்டைப் பிடித்துக்கொண்டு, தன் வாயையே பார்த்து வரைந்தாள். ஓவியர்கள் வழக்கமாகச் செய்வதுதான். வாய் பொருந்துவதற்காக நாடியைக் கொஞ்சம் ஒடுக்கினாள், புருவங்களைக் கொஞ்சம் விலக்கினாள். பின்னேரம் சிவலட்சுமி வந்தாள். கன நேரம் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "இவன்தான்."

படம் அவளுடைய வீட்டுச் சுவரில் ஏறியது. அதன் பிரதியோடு அவள் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினாள். கேள்விப்பட்டு மற்றவர்களும் வந்தார்கள். பக்கத்துத் தாராபுரத்திலிருந்து, கடலில் போய்த் திரும்பாத கணவனுக்காக ஒருத்தி வந்தாள். இரண்டு பிள்ளைகளை இழந்து, அதில் ஒருவனுக்குப் படமில்லாத ஒரு தகப்பன் வந்தார். ஒன்றரை வருடத்தில் ஒன்பது முகங்கள். நஸார் தன் கடைச் சுவரில் முகம் எதையும் மாட்டுகிறவர் அல்ல. ஆனால் வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டு, அவர்கள் அழுது முடியும்வரை வெளியே போய் நின்றுகொள்வார்.

மெய்நிகர் உலகத்தைப் பற்றிச் சொன்னவள் இனெஸ். கணினிக்குள் நிலமும் கடலும் வானமும் இருக்கும். ஆட்கள் தமக்கென ஓர் உருவத்தைச் செய்துகொண்டு உள்ளே போவார்கள், நடப்பார்கள், பேச்சை எழுத்தாகத் தட்டுவார்கள். அங்கே ஓவியர்கள் மண்டபம் கட்டிக் கண்காட்சி வைக்கிறார்கள். என்னுடைய மண்டபத்தில் ஒரு பகுதி சும்மா கிடக்கிறது, உன் முகங்களை அங்கே வை என்று இனெஸ் எழுதினாள். மெற்றில்டா ஒன்பது குடும்பங்களிடமும் போய்க் கேட்டாள். ஒருவரும் மறுக்கவில்லை. உலகம் முழுக்கப் பார்க்கும் என்றால் கண்ட ஆட்கள் யாராவது இருக்கமாட்டார்களா என்பதுதான் எல்லாருடைய எண்ணமும். ஓவியம் என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை.

மெற்றில்டா தனக்கொரு உருவம் செய்தாள். கறுப்புப் பாவாடை, வெறுங்கால். வெள்ளைச் சுவர்களுள்ள நீண்ட மண்டபத்தில் அந்த உருவத்தை அம்புக்குறி விசைகளால் நடக்க வைத்து, ஒவ்வொரு படமாக ஏற்றி மாட்டினாள். சின்ன டொங்கிள் இணைப்பில் எல்லாம் மெல்ல வரும். முதலில் சாம்பல் நிறச் சதுரம், பிறகு புகை, பிறகு கண்கள், கடைசியில்தான் முழு முகம். தேயிலைச் சாயம் திரையில் பச்சை அடித்தது. நாலு நாள் போராடி அதைத் திருத்தினாள். மண்டபத்தில் எங்கிருந்து பார்த்தாலும் முகங்கள் பார்க்கிறவரின் கண்மட்டத்துக்கு நிற்கவேண்டும் என்று உயரத்தைக் கூட்டிக் குறைத்தாள். வெளிச்சத்தைக் குறைத்தாள். ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர், பிறந்த ஆண்டு, கடைசியாகக் கண்ட இடம்.

2014 ஆவணியில் திறந்த அன்று சிவலட்சுமியைக் கடைக்கு அழைத்து வந்து காட்டினாள். சிவலட்சுமி திரைக்குக் கிட்டக் குனிந்து இருந்தாள். மண்டபத்தில் இருபது பேர் வரையில் நின்றார்கள். சிறகு வைத்த ஒரு பெண், ஓர் இரும்பு மனிதன், பூனைத் தலையோடு ஒருவர். பூனைத் தலைக்காரர் கஜீபனின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"ஆர் அது?" என்று சிவலட்சுமி கேட்டாள். "என்ரை பிள்ளையை அவருக்குத் தெரியுமாமோ?"

தெரியாது, சும்மா பார்க்கிறார் என்று மெற்றில்டா சொன்னாள். அந்த ஆள் போனபிறகும் சிவலட்சுமி எழும்பவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நஸார் நினைவூட்டிய பிறகே போனாள்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு மதிய வேளையில், மண்டபத்தில் ஓர் உருவம் தனியே நிற்பதை மெற்றில்டா கண்டாள். நீளமான கோட். தலைக்கு மேல் பெயர் 'ஏரம்பு'. கஜீபனின் முகத்துக்கு முன்னால் அரை மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் நின்றது. இணைப்பு அறுந்துபோன ஆளாக்கும் என்று அவள் நினைத்தாள். பிறகு தமிழில் எழுத்துகள் வந்தன.

"படம் கீறினது நீங்களோ?"

ஓம் என்று தட்டினாள்.

"இந்த முகத்தை எனக்குத் தெரியும். இவனை அடக்கம் செய்ததில நானும் ஒருத்தன்."

அவள் பதில் தட்டுவதற்குள் இணைப்பு விழுந்தது. திரும்ப உள்ளே போனபோது மண்டபம் வெறுமையாக இருந்தது.

அடுத்த பத்து நாளும் அவளுக்கு ஒரே கேள்விதான். சிவலட்சுமியிடம் சொல்வதா, விடுவதா? மகன் எங்கோ ஒரு சிறையில் இருக்கிறான் என்றுதான் அந்த மனுசி நம்பினாள். நஸாரிடம் கேட்டாள். "முழுசா விசாரிங்க புள்ள. பாதிச் சேதிய ஒரு தாய்க்கிட்டக் கொண்டு போகாதீங்க," என்றார். மெற்றில்டா மண்டபத்தில் ஏரம்புக்கு ஒரு குறிப்பு விட்டுவைத்தாள். தினமும் மதியம் போய்ப் பார்த்தாள். பதினோராம் நாள் அவர் வந்தார். நோர்வேயின் வடக்கே மீன் பதனிடும் இடத்தில் வேலை செய்வதாகவும், தன் உண்மைப் பெயர் வேண்டாம் என்றும் சொன்னார். எந்த இடம், எந்த மாதம், நிச்சயமாகத் தெரியுமா என்று மெற்றில்டா கேட்டாள்.

"தொண்ணூற்றாறு ஆடி," என்று எழுதினார். "கிளிநொச்சிக்கு மேற்கால, காட்டுக்குள்ள. காயத்தோட ரெண்டு நாள் கிடந்தவன்."

மெற்றில்டா அந்த வருடத்தை வாசித்துவிட்டு முதலில் ஆறுதல் அடைந்தாள். தொண்ணூற்றாறில் கஜீபனுக்கு எட்டு வயது. வேறு யாரையோ சொல்கிறார். அதை அவருக்கு எழுதினாள். நீங்கள் நினைக்கிற ஆள் இவரில்லை, இந்தப் பிள்ளை அப்போது சிறுவன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. ஏரம்பு ஒத்துக்கொள்ளவில்லை. முகம் தனக்கு மறக்காது என்றார். அதுவும் அந்த வாயை. வலிக்கும்போதுகூடச் சிரிப்பை அடக்குகிறவன் போலத்தான் வைத்திருப்பான் என்றார்.

அந்த வாய் மெற்றில்டாவுடையது. கைக்கண்ணாடியில் பார்த்து வரைந்தது. அவளுக்கும் இன்னொருவருக்கும்தான் உலகத்தில் அந்த வாய் இருந்தது.

ஏரம்பு தொடர்ந்து எழுதினார். சொந்தப் பெயர் தெரியாது, இயக்கத்தில் வேறு பெயர், மன்னார்ப் பக்கம் என்று மட்டும் தெரியும் என்றார். பிறகு இன்னொரு வரி வந்தது. "இடது கைச் சின்னவிரலில நகம் இல்லை. சைக்கிள் செயினுக்குள்ள போனது எண்டு சொன்னவன்."

சைக்கிளின் பெடலைச் சுற்றியது ஆறு வயது மெற்றில்டாதான். அண்ணன் செயினை மாட்டிக்கொண்டிருந்தபோது விளையாட்டாகச் சுற்றினாள்.

நஸார் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவள் திரையை அணைத்துவிட்டு இருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "என்ரை அண்ணா, நஸார் நானா," என்று மட்டும் சொன்னாள். அவர் மெல்லிய குரலில் அறபியில் ஏதோ ஓதி, கடைக் கதவின் பாதியைச் சாத்தினார்.

அன்றே அவள் இலுப்பைக்கடவைக்குப் போனாள். தகப்பனிடம் நேரே போகத் துணிவு வரவில்லை. முதலில் சிவலட்சுமியிடம் போனாள். செய்ததை ஒளிக்காமல் சொன்னாள். வாய் என்னுடையது, நாடியும் புருவமும் அதற்காக மாற்றியவை, உங்கள் மகனின் முகம் என்று நான் தந்தது பாதிக்குமேல் என் அண்ணனின் முகம் என்றாள். சிவலட்சுமி கோபிப்பாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். திரும்ப வரைந்து தருகிறேன், முதலிலிருந்து தொடங்குவோம் என்று மெற்றில்டா கெஞ்சினாள்.

சிவலட்சுமி தலையை ஆட்டினாள்.

"இனி ஏலாது பிள்ளை. இந்தப் படத்தைப் பாத்துப் பாத்து, கண்ணை மூடினாலும் இதுதான் வருது. என்ரை பிள்ளையின்ரை முகம் போயிட்டுது. நீர் தந்தது மட்டும்தான் இப்ப எனக்குள்ள நிக்குது."

மெற்றில்டா மண்ணில் இருந்துவிட்டாள். சிவலட்சுமி அவளைத் தேற்றவும் இல்லை, தள்ளவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழும்பிப் போய், சுவரிலிருந்து படத்தைக் கழற்றினாள். தூசியைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். துவாய் ஒன்றில் சுற்றிக்கொண்டு, "அப்பா வீட்டிலயோ?" என்று கேட்டு, முன்னால் நடந்தாள்.

பத்திநாதன் வேலிக்குத் தென்னோலைக் கிடுகு கட்டிக்கொண்டிருந்தார். அவர் அந்தப் படத்தை அதுவரை பார்த்ததில்லை. மகள் கடையில் ஏதோ கீறுகிறாள் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. சிவலட்சுமி துவாயை விரித்து, படத்தை அவருக்கு முன்னால் பிடித்தாள். கிழவர் கையிலிருந்த கயிற்றை விடாமலே பார்த்தார்.

"வளந்திட்டான்," என்றார்.

பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். அதிலேயே மிச்சம் எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எப்போது என்று கேட்டார். தொண்ணூற்றாறு என்று மெற்றில்டா சொன்னாள். பதினெட்டு வருடத்தை அவர் மனதுக்குள் எண்ணியது போலிருந்தது. ஆர் மண்ணுக்குள்ள தாட்டது, செபம் சொன்னவையோ என்று கேட்டார். அது அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் ஏரம்புக்கு எழுதிக் கேட்டாள். கூட நின்றவர்களில் ஒருவனுக்கு மாதாவின் செபம் பாதி தெரியும், அந்தப் பாதியைச் சொன்னான் என்று பதில் வந்தது. பத்திநாதன் அதைக் கேட்டுவிட்டு, பாதி போதும் என்றார். ஆனால் கோவிலில் பூசை ஒப்புக்கொடுத்தார். அதற்குப் பிறகு வேலி கட்டவில்லை. பற்றை திரும்பவும் காணிக்குள் வந்தது. அடுத்த மாரியில் காய்ச்சல் கண்டு இறந்தார். இந்தியாவிலேயே இருந்திருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் காத்துக்கொண்டிருந்திருப்பார் என்று மெற்றில்டா நினைத்தாள்.

ஒன்பது குடும்பங்களில் மற்ற எட்டிடமும் அவள் ஒவ்வொன்றாகப் போனாள். எந்த இடத்தில் தனக்குத் தெரியாமல் ஊகித்து வரைந்தாள் என்பதை ஒளிக்காமல் சொன்னாள். இரண்டு பேர் மண்டபத்திலிருந்து எடுக்கச் சொன்னார்கள். தாராபுரத்துப் பெண், தெரிந்துகொண்டேதான் வாங்கினேன், இருக்கட்டும் என்றாள். கஜீபனின் படத்தை அவளே எடுத்துவிட்டாள். அது தொங்கிய இடத்தில் வேறொன்றைப் போடட்டுமா என்று இனெஸ் கேட்டாள். மெற்றில்டா வேண்டாம் என்றாள். பெயரும் ஆண்டும் எழுதிய பலகையை மட்டும் வெறுஞ்சுவருக்குக் கீழே விட்டாள். சொல்லக் கேட்டு முகம் வரைவதை அன்றோடு நிறுத்தினாள். ஒரு மீனவர் சங்கத்துக்காகச் சங்குகளும் நண்டுகளும் வரைந்தாள், புள்ளி வைத்து. அவற்றையும் மெய்நிகர் மண்டபத்தில் வைத்தாள். வந்து பார்த்தவர்கள் குறைவு.

சிவலட்சுமி கூட்டங்களுக்குப் பழையபடி பெயர் எழுதிய கடதாசியோடு போனாள். மெற்றில்டாவை வழியில் கண்டால் கதைப்பாள், ஆனால் கடைக்கு வருவதை விட்டுவிட்டாள்.

2016 வைகாசியில், நல்ல வெயிலில், அவள் திடீரென்று கடை வாசலில் நின்றாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். தண்ணீர் கொடுத்ததைக்கூட வாங்கவில்லை.

"காது," என்றாள். "விடியக் கோழிக்குத் தீன் போடேக்க வந்தது. அவன்ரை காதுச் சோணை தொங்காது பிள்ளை. கன்னத்தோட ஒட்டியிருக்கும். மேல் நுனி கொஞ்சம் மடிஞ்சிருக்கும். இடது காது. மறக்க முன்னம் கீறித் தாரும்."

மெற்றில்டா கடதாசியை எடுத்தாள். கண்ணாடியை எடுக்கவில்லை. சிவலட்சுமி சொன்னதை மட்டும் வரைந்தாள், சொல்லாத இடத்தில் நிறுத்தினாள். மடிப்பு இன்னும் சின்னது என்றபோது அழித்துத் திரும்ப வைத்தாள். ஒன்றரை மணித்தியாலம் ஆனது. கடதாசியின் நடுவில் ஒரு காது மட்டும் இருந்தது. கன்னம் தொடங்குகிற இடத்தில் கோடு முடிந்துவிட்டது.

வேறு ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று மெற்றில்டா கேட்டாள். சிவலட்சுமி கண்ணை மூடிப் பார்த்தாள். இல்லை என்றாள். கடதாசியைப் பொலித்தீன் பைக்குள் மடங்காமல் வைத்து, இரண்டு மணி பஸ்ஸுக்குப் போனாள்.